இரண்டு நிறம் தெரியும் பிளேடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு உங்களில் பலருக்கும் வந்திருக்கும். ஒருவர் தாத்தா காலத்து இழைப்புளியை, அதாவது மரம் சீவும் கருவியைச் சாணைக்குக் கொடுத்தாராம், நல்ல பிளேடை உருவிக்கொண்டு ஒட்டுப்போட்ட பிளேடை மாட்டிக் கொடுத்துவிட்டார்களாம். கடைப் பெயர் அதில் இல்லை. ஆனால் திருச்சியில் பழைய தச்சுக் கருவிகளை யார் பழுது பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது அவர் கொண்டுவந்த அதே பிளேடுதான். அந்தக் காலத்தில் நல்ல எஃகு விலை அதிகம். பிளேடு முழுவதையும் அதில் செய்யமாட்டார்கள். உடம்பு தேனிரும்பு, அதாவது மெத்தென்ற இரும்பு. வெட்டும் பக்கம் மட்டும் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை வைத்து, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிவிடுவார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்கு உருக்கு வைத்து அடிப்பதும் இதே வேலைதான். துரு மூடியிருக்கும் வரை இது கண்ணில் படாது. சாய்வைப் புதிதாகத் தீட்டி எண்ணெய்க் கல்லில் முடித்ததும், நுனியில் பளிச்சென்று ஒரு பட்டையும் அதன் பின்னால் மங்கலான சாம்பல் நிறமும் தெரியும். நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ஒட்டு என்று அவர் சொல்வது அந்தக் கோட்டைத்தான். பிளேடு பழையது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் பாருங்கள். மர இழைப்புளியின் பழைய பிளேடு நுனிப்பக்கம் நாலு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும், மேலே போகப்போக மெலியும். பிளேடை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு அந்தச் சரிவுக்கென்றே செதுக்கியது. இப்போது கடையில் கிடைக்கும் மெல்லிய பிளேடை அதில் மாட்டினால் ஆப்பு சரியாகக் கவ்வாது, நாலு தள்ளு தள்ளுவதற்குள் அதிர ஆரம்பித்துவிடும். இழைப்புளியைத் தொட்டுப் பழகியவர் யாரும் அப்படி மாற்றமாட்டார். சந்தேகம் இருந்தால் ஓர் அரத்தை எடுத்து உரசிப் பாருங்கள்: நுனி எஃகில் வழுக்கும், அதன் பின்னால் இருக்கும் மங்கலான இரும்பில் சுலபமாகக் கவ்வும்.

அதே பிளேடில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை இருந்தது. அதை வார்ப்பிரும்பு என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். அது மூசையில், அதாவது உருக்கும் மண்குடுவையில் உருக்கிய எஃகு. 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் கண்ட முறை. நூறு வருடம் தாண்டியும் முனை நிற்கிறதே, அது சும்மா வரவில்லை.

நம் ஊர்ப் பொருளையும் சொல்லவேண்டும். ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று முத்திரை விழுந்த உளிகளும் வாள்களும் பொன்மலைக் குடும்பங்களிலிருந்து வருகின்றன. எஸ்.ஐ.ஆர். என்றால் தென்னிந்திய ரயில்வே. அதன் பணிமனை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே பொன்மலைக்கு வந்தது. 1951இல் அந்த ரயில்வே தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டது. ஆக, அந்த முத்திரை உள்ள கருவி அதற்கு முந்தியது. தயவுசெய்து எமரித்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவராதீர்கள். முத்திரை போய்விட்டால் வயது சொல்ல முடியாது. துருவோடேயே கொண்டுவாருங்கள்.

சாணையில் அவசரம் காட்ட முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வேகமாகச் சுற்றும் கல்லில் அழுத்தினால் நுனியில் நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் பதம் போச்சு. கையால் சுற்றும் கல்லில், தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் பிடிக்கிறோம். சாணை பார்த்த தம்பி வெளிநாடு போய்விட்டதால் இனி வேலை முடிய ஆறு வாரம் ஆகும், கருவியின் வயதும் ஊரும் பார்த்துச் சொல்ல 150 ரூபாய்.

அரும்பாவூர் மரச்சிற்ப ஆசாரிகள், தேர் வேலைக்காரர்கள், அப்பாவின் பெட்டியை அப்படியே கட்டித் தூக்கிவந்த பிள்ளைகள், இந்தக் குரல்பதிவைக் கேட்டதும் “நாங்க நம்பலை” என்று நேரில் வந்து சொன்னவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பு தந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இனிமேல் கருவியை வாங்கும்போதே பிளேடைக் கழற்றி, முத்திரையையும் அகலத்தையும் ரசீதில் எழுதி, உங்கள் முன்னாலேயே படம் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பிவிடுகிறோம். குரல்பதிவு போட்டவரும் பிளேடோடு வரட்டும். அரம் மேசைமேலேயே இருக்கிறது, அவர் கையாலேயே உரசிப் பார்க்கட்டும். ஞாயிறு விடுமுறை, மற்ற நாள் காலை பத்திலிருந்து இருப்பேன்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்,
திருச்சி