ப்ளக்கைக் கழற்றிக் காப்பாற்றிய தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வெள்ளத்தில் முங்கிய என் புல்லட் வண்டி போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுந்துவிட்டது. முதல் உதையில் இல்லை, ஏழாவதோ எட்டாவதோ. போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், முழுக்கப் பூசியிருந்த ஆயில் எரிந்து வீட்டு முற்றமே வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து டப், டப் என்று அந்தச் சத்தம். இரண்டு மாதம் கழித்துக் கேட்கிறேன். கையில் இன்னும் டீசல் வாடை போகவில்லை, ஆனால் இந்த மடலை இப்போதே எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. நாலு நாள் போனால் வேலை, கடன், வாழைக்கன்று என்று நான் அதற்குள் போய்விடுவேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி எங்கள் ஊர் ஏரலுக்குள் வந்தது, எல்லோரும் பார்த்ததுதான். எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. அது போதும். வாழை போயிற்று, வீட்டுச் சாமான் போயிற்று, திண்ணையோரம் நின்ற 1984 புல்லட் ஹேண்டில்பார் வரைக்கும் முங்கிக் கிடந்தது.

நான் முதலில் நன்றி சொல்ல வேண்டிய ஆளின் பெயர் எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, நாகர்கோவில் பக்கமிருந்து சில பையன்கள் பைக்குகளில் ரொட்டி, தண்ணீர் பாட்டில், மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள். எல்லா வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அதில் ஒரு தம்பி, 25 வயது இருக்கும், என் கையில் ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நகராமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, இத உதைச்சீங்களா?”

இல்லை என்றேன். வீட்டுக்குள் முழங்கால் சேறு, வண்டியை யார் உதைக்கப் போகிறார்கள் என்றுதான் இருந்தது எனக்கு.

“உதைச்சிராதீங்க. உள்ள வண்டல் கெடக்கும். பிஸ்டன் ஒரு தடவ ஏறி எறங்குனா போரக் கீறிப்புடும்.”

சொன்னதோடு போகவில்லை. தன் வண்டியின் டூல்பாக்ஸிலிருந்து ஸ்பார்க் ப்ளக் கழற்றும் ஸ்பேனரையும் வேறு இரண்டு ஸ்பேனரையும் எடுத்துவந்து சேற்றில் மண்டியிட்டார். முதலில் ப்ளக் ஓட்டையைச் சுற்றியிருந்த வண்டலை பிரஷ் இல்லாமல், ரொட்டிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையை விரலில் சுற்றித் துடைத்து எடுத்தார், அது உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு பதமாக. ப்ளக்கைக் கழற்றினார். அடியில் இருந்த ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது, அப்புறம் வெறும் ஆற்றுத் தண்ணீர் வந்தது. இரண்டு பேருமாக வண்டியைச் சாய்த்துப் பிடித்து ஆனமட்டும் வடித்தோம்.

பிறகு ஆயில் கேட்டார். என் வீட்டில் அன்றைக்கு நல்லெண்ணெய்கூடக் கிடையாது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தன் பையிலிருந்து இருமல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்தார். அதில் இன்ஜின் ஆயில் வைத்திருந்தார், வழியில் தன் வண்டிக்குத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. பாதியை ப்ளக் ஓட்டைக்குள் மெதுவாக ஊற்றி, கிக்கரைக் காலால் இல்லை, கையால், ஒரு சாண் அளவுக்கு மட்டும் அசைத்தார். எங்காவது கரகரவென்று இருந்தால் உடனே நிறுத்துவதற்காகக் காதை இன்ஜினில் வைத்துக் கேட்டுக்கொண்டே அசைத்தார். ப்ளக்கைக் கைமுறுக்காகப் போட்டு, “மெக்கானிக் வந்து பிரிக்கிற வரைக்கும் யாரும் தொட வேண்டாம் அண்ணாச்சி” என்றார். அவர் கூட்டாளிகள் ஹாரன் அடித்தார்கள். போய்விட்டார். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். நான் ஒரு பெயர் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, இந்த நேரத்தில் வண்டியா முக்கியம் என்று. அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்திருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி.

பொங்கல் கழிந்துதான் இன்ஜினைப் பிரித்தோம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியதும் பாளையங்கோட்டை லேத் பட்டறை அண்ணாச்சி சிலிண்டருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவினார். ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை வாங்கிப் பார்த்தார், மறுபடி தடவினார். முழு வார்ப்பிரும்பு சிலிண்டர், ஈரம் பட்டு இரண்டு நாள் விட்டாலே செம்பழுப்பாகிவிடும். ஒரு மாதம் கழித்தும் மழுமழுவென்று இருந்தது. “இதுல யாருல எண்ண ஊத்துனா? அவன் கைய எடுத்துக் கும்பிடணும்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலமே அந்த இருமல் மருந்து பாட்டிலைத் தேடினேன். அவர் திண்ணை மேலேயே விட்டுப் போயிருந்தார், என் மனைவி சேற்றைக் கழுவி அடுப்படி மாடத்தில் எடுத்துவைத்திருந்தாள்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு புல்லட் முங்கியது. அதை ஆர்வத்தில் உதைத்துவிட்டார்கள். போரில் நெட்டுக்குக் கீறல், இப்போது போரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டியதாகிவிட்டது. ஒரு ஆள் நின்று பார்த்ததற்கும் பார்க்காததற்கும் அவ்வளவு வித்தியாசம்.

இனி மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினால் முடியாது, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். துருப்பிடித்த மெயின் பேரிங்கை அலுங்காமல் கழற்றி, புதுசு போட்டு, கூலி என்று பேச்செடுத்தாலே முறைத்த லேத் அண்ணாச்சி. சென்னை புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து கேஸ்கெட் செட், க்ளட்ச் ப்ளேட், பிரேக் ஷூ வாங்கி பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்ட நண்பர். தன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தும் மூன்று ஞாயிறு வந்து வயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்த தூத்துக்குடித் தம்பி. அண்டாவில் டீசலை ஊற்றிப் பல்சக்கரம் ஒவ்வொன்றாகக் கழுவிய கல்லூரிப் பிள்ளைகள். கேன் கேனாக டீ கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா. எல்லோருக்கும் என் வணக்கம்.

அந்தத் தூத்துக்குடித் தம்பி டைமிங் வைத்ததை, அதாவது ப்ளக்கில் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ததை, மட்டும் சொல்லியாக வேண்டும். தனியாக மீட்டர், மெஷின் எதுவும் கிடையாது. பொறிக்கான கரண்டைத் துண்டிக்கும் பாயிண்ட்டுக்கு நடுவில் சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைச் செருகிப் பிடித்துக்கொண்டு, இன்ஜினை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினார். தாள் லேசாக நழுவிய நொடியும் வண்டியிலேயே இருக்கும் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பிய நொடியும் ஒன்றாக இருந்தன. தலையை ஆட்டி ஸ்க்ரூவை இறுக்கினார். நாற்பது வருஷ வண்டி அது, திருவொற்றியூரில் செய்தது. அதை அதே காலத்து வித்தையால் எழுப்பினார். முதல் உதைக்கு முன் ஹெட்டில் வால்வுகளை அசைக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் பைப்பைத் தளர்த்தி, ஆயில் மேலே வந்து விரலில் பட்ட பிறகுதான் ஓட்ட விட்டார்கள். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கும் பதற்றம் அடங்கியது.

வீடே இன்னும் நேராகவில்லை, அதற்குள் பழைய வண்டிக்கு இத்தனை பேரா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். விடிகாலை நாலு மணிக்கு வாழை இலைக் கட்டு ஏற்றிப்போக எனக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான், அது ஒரு பதில். இன்னொன்றும் உண்டு. ஜனவரி முழுக்க எனக்குத் தூக்கம் கிடையாது, மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். தோட்டத்தை நான் நினைத்தபடி சரிசெய்ய முடியாது, மண்ணும் காலமும் மனசு வைக்க வேண்டும். ஆனால் இந்த இன்ஜினில் எது கெட்டது, எது நல்லது என்று பிரித்துத் துணியில் வரிசையாக வைத்துப் பார்க்க முடிந்தது. நீங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போன ஞாயிறுகளில் மட்டும் நான் விடிய விடியத் தூங்கினேன்.

இனி என் டூல்பாக்ஸில் ப்ளக் ஸ்பேனரும் ஒரு சின்ன பாட்டில் ஆயிலும் எப்போதும் இருக்கும். எங்கே எந்த வண்டி நின்றுகிடந்தாலும், யாருடையதாக இருந்தாலும், இறங்கிக் கேட்காமல் தாண்டிப் போக மாட்டேன். இதை அம்மன் கோயில் வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்.

நாகர்கோவில் தம்பி, இது எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும். பாட்டிலில் நீங்கள் மிச்சம் வைத்த பாதி ஆயில் அப்படியே இருக்கிறது. திருச்செந்தூர் வரும்போது ஏரலுக்குள் ஒரு எட்டு வாருங்கள். பஜாரில் வாழை இலைக்காரர் புல்லட் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். அன்றைக்குக் கொடுக்க முடியாமல் போன டீயாவது குடித்துவிட்டுப் போகலாம்.