கை பட்டால் குதிக்கும் டைனோசர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் பிள்ளைகளை வீட்டாரிடமிருந்து பிரிக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்திருக்கிறது. சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

என் மகனுக்கு 13 வயது. பாட்டி மடியில் தலை வைத்துப் படுத்தவன், ஒரு வருடமாக அவர் பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்டான். கோடை விடுமுறையில் ‘மேக்கி மேக்கி’ என்ற சிறு மின்பலகையை வாங்கி வந்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் இருந்த இருவர் உருவாக்கி, 2012-இல் வெளியிட்டது அது. கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும். ‘எர்த்’ ஒயரை அவன் பிடித்துக்கொண்டான். ஸ்பேஸ் பொத்தானுக்கான ஒயர் என் மாமியார் கையில். இருவர் கையும் பட்டால் மின்சுற்று முழுமையாகும், ஸ்பேஸ் பொத்தானை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், திரையில் ஓடும் டைனோசர் குதிக்கும்.

முதலில் குதிக்கவில்லை. 76 வயதுக் கை, காய்ந்து கிடந்தது. “கையை நனைச்சுக்கோ பாட்டி” என்றான். ஈரக் கையில் தட்டியதும் துள்ளியது. அடுப்பில் பருப்பு வேகும் வரை இருவரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடிந்தும் கையை விடாமல், “கட்டை விரலில் இது என்ன தழும்பு பாட்டி?” என்று கேட்டான். கல்யாணமான புதிதில் அரிவாள்மனை வெட்டியது. அந்தக் கதை எனக்கே அன்றுதான் தெரியும்.

ஷாக் அடிக்காதா என்று பக்கத்து வீட்டில் பயந்தார்கள். யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட்டுதான். உடம்பில் பாய்வது ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட இராது. இருந்தும் லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிய பிறகே விளையாட விடுகிறேன். யோசனையும் புதிதல்ல. இருவர் கைகோத்து நின்றால் முள் அசையும் ‘லவ் டெஸ்டர்’ என்ற பொம்மையை ஜப்பானின் நின்டெண்டோ 1969-லேயே விற்றது.

அல்சூர் ஏரி அருகில் உள்ள நம் தமிழ்ச் சங்கம், விடுமுறை நாட்களில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து இதை விளையாடச் செய்யலாம். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: தொட விரும்பாத பிள்ளையை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஒருவர் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பழத்தைத் தட்டினாலும் டைனோசர் குதிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு