செம்பு எங்கே கொதித்தது? விக்டோரியா காலக் கதைகளைத் தமிழாக்குவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மொழிபெயர்ப்பாளர்களே, பதிப்பாளர்களே, மெய்ப்புப் பார்ப்பவர்களே,

வணக்கம்.

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களுக்கு இன்று யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. அதனால் அவை தமிழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன, வரட்டும். காதல், சொத்து வழக்கு, பாதிரியாரின் மனப்போராட்டம் எல்லாம் உங்கள் கையில் நன்றாகவே வருகின்றன. கால் இடறுவது வீட்டின் பின்கட்டில்தான். துணி துவைக்கும் மூலை, விளக்கடி, அடுப்பங்கரை. அங்கே புழங்கும் சொற்கள் மிக எளிய ஆங்கிலச் சொற்கள் என்பதே சிக்கல். கடினமான சொல் என்றால் அகராதியைப் புரட்டுவீர்கள். ‘காப்பர்’, ‘ஃப்ளை’, ‘ஒர்க்’, ‘பேப்பர்’ என்று வந்தால் யார் புரட்டுவார்கள்?

‘காப்பரில் தண்ணீர் கொதித்தது’ என்று ஒரு வரி வருகிறது என வைத்துக்கொள்வோம். செம்பில் கொதித்தது என்று எழுதினால், நம் வாசகர் கையளவுச் சொம்பைக் கற்பனை செய்துகொள்வார். அது செங்கல் வைத்துக் கட்டிய மேடையில் பதித்த பெரிய கொப்பரை. கீழே தனி அடுப்பு, அதற்குத் தனிப் புகைபோக்கி, மேலே மரமூடி. சுமார் 20 காலன், அதாவது ஏறக்குறைய 90 லிட்டர் பிடிக்கும். பிற்காலத்தில் வார்ப்பிரும்பில் செய்தபோதும் பெயர் ‘காப்பர்’தான்; எனவே உலோகத்தைப் பிடித்துத் தொங்காமல் ‘கொப்பரை’ என்று எழுதிவிடுங்கள். தமிழ்ச் சொல் அச்சாகப் பொருந்தும் இடம் இது. கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் துணியில் கட்டி வேகவைத்ததும் பல ஏழை வீடுகளில் இதே கொப்பரையில்தான். பண்டிகைச் சாப்பாட்டில் துவைத்த துணியின் வாசம் என்று ஒரு வரி வந்தால் அது உவமை இல்லை, உண்மை.

துவைக்கும் நாளின் வரிசையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வழக்கமாகத் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சி மிஞ்சியிருக்கும், அன்று ஆறியதையே சாப்பிட்டுக்கொள்ளலாம், அடுப்புப் பக்கம் போக வேண்டாம். அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போவதற்குள் துணி காய்ந்து, தேய்த்து, மடித்து ஆகிவிடும். ‘திங்கட்கிழமை ஆறிய கறி’ என்று மூலத்தில் வந்தால் அது வறுமையைச் சொல்வதில்லை, கிழமையைச் சொல்கிறது.

முந்தின இரவே வெள்ளைத் துணியைச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். இதை வெறுமனே ‘சோடா’ என்று விட்டால் குடிக்கிற சோடாவாகிவிடும். ‘சமையல் சோடா’ என்றாலும் பிழை. விடிவதற்கு முன்பே கொப்பரைக்கு அடியில் தீ மூட்டி, கட்டிச் சோப்பைச் சீவிப்போட்டு வெந்நீர் தயாராகும். வெள்ளையை முதலில் கொதிக்கவிட வேண்டும். சாயத்துணிக்குச் சூடு குறைந்த தண்ணீர். கம்பளித் துணிக்கு வெதுவெதுப்பு மட்டுமே, சூடு ஏறினால் சுருங்கிப்போகும். அழுக்குத் துணியை மரத்தொட்டியில் போட்டு, நீண்ட பிடியின் அடியில் குட்டி முக்காலிபோலக் கால்கள் வைத்த ஒரு கோலால் இடமும் வலமுமாகத் திருகி அடிப்பார்கள். அந்தக் கோலுக்குப் பெயர் ‘டாலி’. வேலைக்காரப் பெண் விடியற்காலையில் பொம்மையோடு என்ன செய்கிறாள் என்று வாசகர் திகைக்கும்படி விட்டுவிடாதீர்கள், ‘துவைகோல்’ போதும்.

பிறகு பல தண்ணீர் அலசல், கடைசி அலசலில் நீலம். இங்கே விளக்கமே வேண்டாம், நம் வீட்டுக்குத் தெரிந்த வேலை. ராபின் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்த நீலமும் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனத்தின் வழிவந்ததுதான். நீலத்தைச் சிறு கம்பளித் துணியில் முடிந்து தண்ணீரில் பிழிவார்கள். அது கரைவதில்லை, மிதந்து மெல்ல அடியில் படியும். கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் துணியில் கோடுகோடாக ஏறிவிடும். மலிவாகக் கிடைத்த வேறு வகை நீலம் ஒன்று இருந்தது, இரும்புச் சத்து உள்ளது. சோப்பும் சோடாவும் துணியில் மிச்சமிருந்தால் அது பிரிந்து துருக்கறையாகிவிடும். எஜமானி சட்டையில் பழுப்புப் புள்ளியைக் கண்டு வேலைக்காரியைத் திட்டுகிறாள் என்றால் காரணம் பெரும்பாலும் அரைகுறை அலசல். கொப்பரையைத் துடைத்து உலர்த்தாமல் விட்டால் களிம்பு பிடித்து அடுத்த வாரம் பச்சைக்கறை. அதற்கும் திட்டு அவளுக்கே.

‘மாங்கிள்’ என்ற சொல்லை வினையாகப் படித்துச் ‘சிதைத்தல்’ என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு கட்டை உருளைகளுக்கு நடுவே துணியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் தண்ணீர் பிழிந்து, சுருக்கமும் படிந்து வரும் எந்திரம் அது. கணவனை இழந்த ஏழைப் பெண்கள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தெருவாரின் துணிகளை டஜன் கணக்கில் கூலிக்கு உருட்டிக்கொடுத்துப் பிழைத்தார்கள். அதனால் ஜன்னலில் ‘இங்கே மாங்கிள் செய்யப்படும்’ என்ற அட்டை தெரிந்தால், அந்த வீட்டின் வருமானம் என்ன என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று பொருள். ‘உருளை’ என்று மட்டும் எழுதிக் கடந்தால் அது தொலைந்துவிடும்.

நம் சொல்லே நம்மை ஏமாற்றும் இடமும் உண்டு. இஸ்திரிப் பெட்டி என்றதும் கரித்துண்டு போட்ட பெட்டி நம் கண்ணில் வரும். அங்கே பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத, கனத்த இரும்புக் கட்டிதான். அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்க வேண்டும். ஆறிக்கொண்டே வரும் என்பதால் எப்போதும் இரண்டு வேண்டும், ஒன்று தேய்க்கும்போது மற்றது சூடாகும். ‘அவள் இஸ்திரியை மாற்றினாள்’ என்ற வரி இதைத்தான் சொல்கிறது. அடிப்பக்கத்தில் அடுப்புக்கரி ஒட்டியிருந்தால் முழு வாரத்து உழைப்பும் ஒரே இழுப்பில் பாழ்.

இனி விளக்கு. ‘ஸ்னஃப்’ என்ற வினை நம்மிடம் படும் பாடு பெரிது. ‘அவள் மெழுகுவர்த்தியை ஸ்னஃப் செய்துவிட்டுத் தொடர்ந்து படித்தாள்’ என்று மூலத்தில் இருக்க, அணைத்துவிட்டுப் படித்தாள் என்று எழுதினால் இருட்டில் படிக்கும் அதிசயப் பெண்ணாகிவிடுவாள். கொழுப்பில் செய்த மலிவு வர்த்தியின் திரி தானாக எரிந்து தீராது. கருகி நீண்டு, வெளிச்சம் மங்கி, கொழுப்பு ஒரு பக்கமாக வழியும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை கருகிய நுனியை வெட்டிவிட வேண்டும். அதற்கென்றே கத்தரிக்கோல் போன்ற கருவி, வெட்டிய கரி விழச் சிறு பெட்டியோடு. ஆகவே ‘திரியின் கரியைக் கத்தரித்தாள்’. ‘அவுட்’ என்ற சொல் சேர்ந்து வந்தால் அணைத்தாள். பின்னித் திரித்த திரி 1825ல் பிரான்சில் வந்தது. அது வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து தானே எரிந்துபோகும். அந்த வகை வர்த்திகள் பரவிய பிறகு நல்ல வீடுகளில் இந்தக் கத்தரிக்கோல் வேலையே இல்லாமல் போனது. ஆக, கதை 1830களில் நடக்கிறதா 1880களில் நடக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு வினைச்சொல்லின் பொருள் மாறுகிறது.

எரிவாயு விளக்கும் அப்படியே. சுடரின் மேல் மாட்டி வெண்ணிற வெளிச்சம் தரும் வலையான மேன்டில் காப்புரிமை பெற்றது 1885ல். புழக்கத்துக்கு வந்தது 1890களில். அதற்கு முன்பு எரிந்தது மீன்வால் வடிவத்தில் விரிந்த வெறும் மஞ்சள் சுடர். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தை 1850 நாவலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சுடரின் புகை கூரையைக் கறுப்பாக்கியது, தொட்டிச் செடிகளைக் கொன்றது. அஸ்பிடிஸ்ட்ரா என்ற செடி மட்டும் தாக்குப்பிடித்ததால்தான் நடுத்தர வீடுகளின் முன்னறையில் அது எங்கும் நிற்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். ‘ஏரியா’ என்பது தெருவை ஒட்டிய இரும்பு வேலிக்கும் நிலவறைச் சமையலறைக்கும் நடுவிலுள்ள பள்ள முற்றம், வேலையாட்களும் கறிக்கடைப் பையனும் இறங்கும் வழி. ‘டஸ்ட்’ பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல். அதைச் சலித்துச் செங்கல் சூளைக்கு விற்றார்கள், குவியலுக்குச் சொத்து மதிப்பு உண்டு, எனவே ‘தூசிக் குவியல்’ என்றால் கதையே நொண்டும். ‘ஃப்ளை’ ஒற்றைக் குதிரை வாடகை வண்டி. ‘டாக்-கார்ட்’டை இழுப்பது குதிரை, வேட்டை நாய்க்கு இருக்கையடியில் பெட்டி இருந்ததால் அந்தப் பெயர். ‘ட்ராயிங் ரூம்’ ஓவிய அறை இல்லை என்பதை இன்று எல்லோரும் அறிவார்கள். ஆனால் படுக்கையறையின் பச்சைப் ‘பேப்பர்’ சுவரில் ஒட்டிய தாள் என்பதும், அந்தப் பச்சையில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்திருக்கலாம் என்பதும் தெரிந்தால் நோயாளியின் அறை வேறுமாதிரி படிக்கப்படும். சீமாட்டி ‘ஒர்க்’கை எடுத்தாள் என்றால் தையல். ஒருவன் ‘மேக் லவ்’ செய்தான் என்றால் ஆசை வார்த்தை பேசினான், அவ்வளவே. ‘கார்ன்’ சோளமில்லை, இங்கிலாந்தில் பொதுவாகத் தானியம், முக்கியமாகக் கோதுமை. 1846ல் நீக்கப்பட்டவை தானியச் சட்டங்கள்.

‘விடோஸ் வீட்ஸ்’ தனியாகச் சொல்லத் தக்கது. களைச்செடிக்கும் அதற்கும் உறவில்லை, ஆடை என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் எச்சம். கைம்பெண் ஓராண்டும் ஒரு நாளும் பளபளப்பில்லாத கறுப்பும், க்ரேப் என்ற சுருக்கம் விழுந்த பட்டுத் துணியும் அணிய வேண்டும் என்பது நடுத்தர, மேல்தட்டு வழக்கம். பிறகு க்ரேப் குறையும்; இரண்டாண்டு கழித்துச் சாம்பல், இளஊதா என நிறம் திரும்பும். ஆணுக்குத் தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டை போதும். க்ரேப் மழையில் நனைந்தால் புள்ளி விழுந்து கெடும், சாயம் கழுத்தில் இறங்கும். ஆகவே ஒருத்தி இளஊதாவில் படியிறங்கி வந்தால் அவள் மறுமணத்துக்குத் தயார் என்று ஊர் பேசத் தொடங்கும். நம் வெள்ளைச் சேலையை மனத்தில் வைத்து ‘துக்க உடை’ என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடினால், நிறம் சொல்லும் செய்தி வாசகரை எட்டாது.

பணத்துக்கு வருவோம். 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங், 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், 1 பென்னிக்கு 4 ஃபார்த்திங். அணாக் கணக்கு தெரிந்த தாத்தா பாட்டிகளுக்கு இது ஒன்றும் புதிரில்லை. ‘7/6’ என்று அச்சிட்டிருந்தால் பின்னம் இல்லை, 7 ஷில்லிங் 6 பென்ஸ். கினி 21 ஷில்லிங். அந்த நாணயம் கடைசியாக அடிக்கப்பட்டது 1814ல். விக்டோரியா காலத்தில் அது வெறும் கணக்கு அலகு, மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் ஓவியருக்கும் கௌரவமாகத் தரும் தொகை. எனவே யாரும் சட்டைப்பையிலிருந்து புதுக் கினியை எடுத்து நீட்ட முடியாது. ரூபாயாக மாற்றவும் வேண்டாம்: 1870களின் தொடக்கம்வரை ஏறக்குறைய 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய், நூற்றாண்டின் இறுதியில் 1 ஷில்லிங் 4 பென்ஸ். எந்த ஆண்டுக் கணக்கு போடுவீர்கள்? சம்பளத்தோடு ஒப்பிடுவதே வழி. வீட்டு வேலை முழுவதும் ஒருத்தியே செய்யும் பெண்ணுக்கு 1860களில் ஆண்டுக்கு 10 பவுண்டு என்று வைத்தால், மாதம் 16 ஷில்லிங் 8 பென்ஸ். மூன்று பாகமாக வந்த ஒரு நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அவளுடைய இரண்டு மாதச் சம்பளம் ஏறக்குறைய அதில் போய்விடும்.

கடைசியாக, நம்மிடமிருந்து போய், வேற்று உடையில் திரும்பும் சொற்கள். ‘செரூட்’ நம் சுருட்டு. ஒருவர் ‘ட்ரிச்சினோபோலி’ புகைக்கிறார் என்றால் அது திருச்சிச் சுருட்டு, தயங்காமல் அப்படியே எழுதுங்கள். ‘காலிகோ’வுக்குக் கோழிக்கோட்டின் பெயர் ஒட்டியிருந்தாலும் அப்போது அது லங்காஷயர் ஆலையில் நெய்தது, காடாத்துணி என்பது சரியாக இருக்கும். ‘மல்லிகடானி’ மட்டும் தொல்லை. மிளகுத்தண்ணி என்று எழுதினால் ரசம் கண்ணில் வரும். அவர்கள் குடித்ததோ இறைச்சியும் கறித்தூளும் மாவும் போட்டுக் கெட்டியாக்கிய சூப். முதல் முறை ‘மிளகுத்தண்ணியின் பெயரை வைத்துக்கொண்ட இறைச்சி சூப்’ என்று சொல்லி, பிறகு ‘மல்லிகடானி’ என்றே விடலாம் என்பது எங்கள் எண்ணம். வேறு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.

பதிப்பாளர்களிடம் கேட்பது மூன்று. நூலின் முதல் பக்கங்களில் கதை நடக்கும் ஆண்டையும் பண அட்டவணையையும் அரைப் பக்கத்தில் தாருங்கள். அடிக்குறிப்பாக வழியெங்கும் தூவ வேண்டாம். நிலவறைச் சமையலறையிலிருந்து மேல்மாடி வேலையாள் அறைவரை வீட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று சேருங்கள். மூல நாவல் படங்களோடு வந்திருந்தால் அந்தப் படங்களை மொழிபெயர்ப்பாளருக்கு முதலிலேயே அனுப்புங்கள். துவைகோல் எப்படி இருக்கும் என்று பத்து வரி விளக்குவதைவிட அது மேல்.

கோப்பு அச்சுக்குப் போகுமுன் ஆங்கில மூலத்தில் இந்தச் சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள்: காப்பர், டாலி, மாங்கிள், சோடா, ஸ்னஃப், ஏரியா, டஸ்ட், ஃப்ளை, பேப்பர், ஒர்க், கார்ன், வீட்ஸ், கினி. அகப்படும் ஒவ்வொரு வரியையும் தமிழ்ப் பக்கத்தோடு ஒத்துப்பார்க்க ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளுக்கான கூலியை மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தனியாகக் கொடுங்கள்.