டைப் 1 சுகர் உள்ள பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிற டீச்சருங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி பக்கத்துல உள்ள எல்லா பள்ளிக்கூடத்து ஹெச்.எம்.களுக்கும், கிளாஸ் டீச்சருங்களுக்கும், பி.டி. சாருங்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவளுக்கு டைப் 1 சுகர், அதாவது ரத்தத்துல சுகரக் கட்டுப்படுத்தற இன்சுலின் ஒடம்புல சுரக்காததால தெனம் அத ஊசியா போட்டே ஆவணும். இந்த மாதிரி பிள்ளைங்க உங்க ஸ்கூல்லயும் இருக்கும், நெறைய பேரு வெளில சொல்றதில்ல, அதுலயும் பொம்பளப் பிள்ளைன்னா நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன ஆகும்னு வீட்டுலயே மறைச்சிடறாங்க. அதனாலதான் எங்க ஸ்கூலுக்கு மட்டும் எழுதாம எல்லாருக்கும் சேத்து எழுதறேன். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கிளாஸ்ல உக்காந்த எடத்துலயே அந்தப் பிள்ளை சுகர் பாக்கட்டும், ஊசி போட்டுக்கட்டும், சுகர் ரொம்ப எறங்கி லோ ஆனா உடனே இனிப்பா ஏதாவது வாயில போட்டுக்கட்டும், பாத்ரூம் போவணும்னா போவட்டும். எதுக்கும் கையத் தூக்கி பர்மிஷன் கேட்டு நிக்க வேண்டாம்.

இத எழுத வெச்சது போன வருஷம் ஒரு ஸ்கூல்ல நடந்த விஷயம். பரீட்சை ஹால்ல என் பொண்ணுக்கு சுகர் எறங்கிடுச்சு. பேக்ல குளுக்கோஸ் இருக்கு, ஆனா பேக் வராண்டால, உள்ள எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எழுந்து கேட்டிருக்கா, மணி அடிக்கட்டும் உக்காருன்னு பதில் வந்திருக்கு. அப்பறம் அந்தக் கணக்குப் பேப்பர வாங்கிப் பாத்தேன், மொத ரெண்டு பக்கம் முத்து முத்தா எழுதியிருக்கா, மூணாவது பக்கத்துல எழுத்து கோட்ட விட்டுக் கீழ எறங்குது, ஒரே கணக்கத் திரும்பத் திரும்ப ஆரம்பிச்சு பாதில விட்டிருக்கா, பேனா அழுத்தி ஒரு எடத்துல பேப்பரே கிழிஞ்சிருக்கு. வெளிய வந்ததும் அவ ஃப்ரெண்டுதான் பேக்க எடுத்து குளுக்கோஸ வாயில கொட்டியிருக்கா, அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். ஹால்ல இருந்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அதான் நான் சொல்றேன்.

பத்தாவது சயின்ஸ்ல நாளமில்லாச் சுரப்பி பாடத்துல கணையம், லாங்கர்ஹான் திட்டு, இன்சுலின்னு நடத்துறீங்க. அந்த இன்சுலின் எப்படி வந்துச்சுங்கற கதைய ஒவ்வொரு டீச்சரும் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசை. ஏன்னா அதுல வர்ற நோயாளிங்க ஸ்கூல் போற வயசுப் பிள்ளைங்கதான்.

1921க்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைக்கு மருந்தே கெடையாது. சாப்பாட்டக் கொறைச்சுப் பட்டினி போடறதுதான் வைத்தியம், அதுவும் சாவ கொஞ்ச நாள் தள்ளிப் போடத்தான். அந்த வருஷம் மே மாசம் கனடாவுல டொராண்டோ யுனிவர்சிட்டியில ஃப்ரெடரிக் பாண்டிங்னு ஒரு சர்ஜன் வந்து சேந்தாரு. அங்க பிசியாலஜி புரொபசர் மெக்லியட் லேப் எடமும், நாய்ங்களும், கூட வேலை செய்ய சார்லஸ் பெஸ்ட்னு ஒரு ஸ்டூடண்டயும் கொடுத்தாரு. ரெண்டு பேரும் நாய்க்குக் கணையத்த எடுத்து சுகர் வர வெச்சு, இன்னொரு கணையத்துல இருந்து எடுத்த சாற ஊசி போட்டு சுகர் எறங்குதான்னு பாத்தாங்க. எறங்குச்சு. ஆனா மனுஷனுக்குப் போடற அளவுக்கு சுத்தமா இல்ல. டிசம்பர்ல ஜேம்ஸ் காலிப்னு ஒரு பயோகெமிஸ்ட் வந்து சேந்தாரு.

1922 ஜனவரி 11. டொராண்டோ ஜெனரல் ஆஸ்பத்திரியில லெனர்ட் தாம்ப்சன்னு ஒரு பையன், 14 வயசு, எடை கிட்டத்தட்ட 30 கிலோதான், எலும்பும் தோலுமா கெடக்கான். அவனுக்குத்தான் மொத ஊசி. சரியா வேலை செய்யல, சுகர் கொஞ்சம்தான் எறங்குச்சு, ஊசி போட்ட எடம் சீழ் வெச்சிடுச்சு. அதோட நிறுத்திட்டாங்க. அப்பறம் காலிப் ராத்திரி பகலா ஒக்காந்து ஆல்கஹால எந்தப் பக்குவத்துல சேத்தா அழுக்கெல்லாம் பிரிஞ்சு மருந்து மட்டும் நிக்கும்னு கண்டுபிடிச்சாரு. ஜனவரி 23 அன்னிக்கு மறுபடி போட்டாங்க. 520 இருந்த சுகர் 120க்கு வந்துச்சு. இந்த நம்பர மொதல்ல படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா ஒவ்வொரு நாளும் எங்க வீட்டு மெஷின்ல நாங்க பாக்கற மாதிரி நம்பர்தான் அது. அந்தப் பையன் அதுக்கப்பறம் 13 வருஷம் இருந்தான்.

இன்னொரு பிள்ளை எலிசபெத் ஹியூஸ். அமெரிக்காவுல பெரிய மந்திரி பொண்ணு, 11 வயசுல சுகர் வந்துச்சு, காசு பணத்துக்குக் கொறைவில்ல, ஆனாலும் பட்டினி வைத்தியம்தான். 1922 ஆகஸ்ட்ல அம்மா அவள டொராண்டோவுக்குக் கூட்டிட்டு வந்தப்ப 15 வயசு ஆகப் போவுது, எடை 20 கிலோ. இன்சுலின் போட ஆரம்பிச்சாங்க. அவ வளந்து, காலேஜ் படிச்சு, கல்யாணம் பண்ணி, மூணு பிள்ளை பெத்து, 1981 வரைக்கும் இருந்தா. கல்யாணத்த நெனச்சு நோய மறைக்கிற வீடுங்களுக்கு இந்தப் பொண்ணப் பத்தி டீச்சருங்க நீங்கதான் எடுத்துச் சொல்லணும், நாங்க சொன்னா எடுபடல.

பாண்டிங்குக்கும் மெக்லியடுக்கும் 1923ல நோபல் பரிசு கெடச்சுது. பாண்டிங் தன் பங்குப் பணத்துல பாதிய பெஸ்டுக்கும், மெக்லியட் பாதிய காலிப்புக்கும் குடுத்தாங்க. மருந்தோட உரிமைய, அதான் பேட்டண்ட, பாண்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் யுனிவர்சிட்டிக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. இந்த மருந்த எவனோ ஒருத்தன் மட்டும் புடிச்சு வெச்சுக்கிட்டு விக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சாங்க.

இவ்வளவு பேரு பாடுபட்டு இந்தப் பிள்ளைங்க உயிரக் காப்பாத்தியும், பேக்ல இருக்கற குளுக்கோஸ் வராண்டால கெடக்குதேன்னுதான் எனக்கு வயிறு எரியுது.

காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு வீட்டுலயே போட்டா போதாதா, மத்தியானம் ஸ்கூல்ல எதுக்கு ஊசின்னு நெறைய பேரு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1,441 பேர வெச்சு வருஷக்கணக்கா இதையேதான் ஆராய்ச்சி பண்ணாங்க, 1993ல முடிவு வந்துச்சு. ஒரு பாதி பேருக்குப் பழைய மாதிரி ஒண்ணு ரெண்டு ஊசி, இன்னொரு பாதி பேருக்கு மூணு நாலு ஊசி இல்லன்னா ஒடம்புல மாட்டிக்கிட்டு இன்சுலின் ஏத்தற பம்ப்பு, அதோட தெனம் பல தடவ சுகர் பாக்கறது. ரெண்டாவது கூட்டத்துல, கண்ணுல பாதிப்பே இல்லாம சேந்தவங்களுக்குக் கண்ணு கெடற வாய்ப்பு 76 சதவீதம் கொறைஞ்சுது. கிட்னி, நரம்புக்கும் நல்ல பலன். ஆனா அந்தக் கூட்டத்துக்கு லோ சுகர் ஆவறதும் அதிகமாத்தான் இருந்துச்சு. அதனால மத்தியான ஊசியும் வேணும், கையில குளுக்கோசும் வேணும், இது ரெண்டும் அம்மாக்காரி செல்லம் குடுத்துக் கேக்கறதில்ல.

லோ ஆனா எப்படித் தெரியும்னு கேட்டா, வேர்க்கும், கை நடுங்கும், மூஞ்சி வெளுக்கும், சில பிள்ளைங்க திடீர்னு எரிஞ்சு விழும், சிலது மந்தமா ஒக்காந்திருக்கும். திமிருன்னும் தூக்கம்னும் நெனச்சுத் திட்டிடாதீங்க. சுகர் 70க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணில கலந்து குடுங்க, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா திரும்பக் குடுங்க. மெஷின் கைவசம் இல்லன்னா பாத்துக்கிட்டு நிக்காதீங்க, மொதல்ல குடுத்துடுங்க. மயங்கிட்டா மட்டும் வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு அடிங்க. லோவா இருக்கறப்ப தனியா பாத்ரூமுக்கோ ஸ்டாஃப் ரூமுக்கோ நடந்து போகச் சொல்லவே சொல்லாதீங்க, போற வழியில விழுந்துடும்.

பி.டி. சாருங்களே, இந்தப் பிள்ளைங்கள ஓரமா ஒக்கார வைக்காதீங்க சார். ஓடலாம், கபடி ஆடலாம், ஆடறதுக்கு முன்னாடி சுகர் பாத்துட்டு ஏதாவது கொஞ்சம் சாப்ட்டா போதும்.

அப்பறம் ஒண்ணு. ஸ்வீட் அதிகமா தின்னதால வந்துச்சுன்னு பிள்ளை முன்னாடி சொல்லாதீங்க. ஒடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்ல அழிச்சிடுது, அதனால வர்றது இது. ஒட்டுவாரொட்டியும் இல்ல. பாவக்கா ஜூஸ், அந்த வேர், இந்தப் பொடின்னு அன்பா சொல்றவங்க இருக்காங்க, அந்தப் பேச்சக் கேட்டு ஊசிய நிறுத்தினா சில நாள்லயே பிள்ளை உயிருக்கு ஆபத்து. இன்சுலின் புரதம், மாத்திரையா முழுங்குனா வயித்துலயே செரிச்சுப் போயிடும், அதான் ஊசி.

2024ல ஃபெஞ்சல் புயலப்போ கரண்ட் போயி ஃப்ரிட்ஜ் நின்னப்ப, இன்சுலின் பாட்டில பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள வெச்சுத்தான் காப்பாத்தினோம். எங்க சனங்க அவ்வளவு கஷ்டப்பட்டுப் பாத்துக்கறாங்க. ஸ்கூல்ல ஸ்டாஃப் ரூம்ல ஃப்ரிட்ஜ் இருந்தா அதுல ஒரு டப்பாவுக்கு எடம் குடுங்க, ஃப்ரீசர்ல மட்டும் வேணாம், ஒறைஞ்சா மருந்து வீண்.

ரூல் இல்லன்னு சொல்லவும் முடியாது. சி.பி.எஸ்.இ. 2017லயே பொதுத் தேர்வு ஹாலுக்குள்ள இந்தப் பிள்ளைங்க சுகர ஏத்தற இனிப்பு மாத்திரை, பழம், தண்ணி கொண்டு போகலாம்னு சர்க்குலர் போட்டுடுச்சு. 2023ல உத்தரப் பிரதேச அரசு ஸ்கூல்லயே சுகர் பாக்க, ஊசி போட, ஸ்நாக்ஸ் சாப்ட விடணும்னு உத்தரவு போட்டுச்சு. நம்ம ஊர் ஸ்கூலுக்கு இத செய்ய மேல இருந்து ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, ஹெச்.எம். மனசு வெச்சா போதும்.

கடைசியா, இன்னும் கண்டுபிடிக்காத பிள்ளைங்களுக்காக. நல்லா இருந்த பிள்ளை திடீர்னு அடிக்கடி யூரின் போவுது, வாட்டர் பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்குது, யூனிஃபார்ம் தொளதொளன்னு ஆவுற அளவுக்கு எளைக்குது, எப்பவும் சோர்ந்து கெடக்குதுன்னா, அன்னிக்கே அவங்க வீட்டுக்கு ஃபோன் போடுங்க, பக்கத்து பி.ஹெச்.சி.ல விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்துல சுகர் பாக்கச் சொல்லுங்க. நாளைக்குப் பாப்போம்னு விட்டா வாந்தி, மேல்மூச்சு வாங்கி ஐ.சி.யூ.ல போய் நிக்கும். வீட்டுல அம்மா அப்பா வேலைக்குப் போயிடறோம், பகல் முழுக்க பிள்ளையப் பாக்கறது நீங்கதான்.

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் டீச்சர்ஸ் மீட்டிங் வைப்பீங்கல்ல, அதுல அரை மணி நேரம் குடுங்க. மெஷின், ஸ்ட்ரிப்பு, இன்சுலின் ஊசி போடற பென் எல்லாம் நானே எடுத்துட்டு வரேன். எப்படிக் குத்தறது, நம்பர எப்படிப் படிக்கறதுன்னு என் பொண்ணே செஞ்சு காட்டுவா.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்