சம்பத்தை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பதவிக்காகக் கட்சி மாறியவர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், தி.மு.க.விலிருந்து போனவர்களின் பட்டியலில் ஈ.வெ.கி. சம்பத்தின் பெயரும் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இளைஞர்களுக்கு அவரை ஈ.வெ.கி.ச. இளங்கோவனின் தந்தை என்றால்தான் தெரிகிறது. பெரியாரின் அண்ணன் மகன் அவர். 1949இல் சொந்தச் சித்தப்பாவையே விட்டு அண்ணாவோடு வந்து, தி.மு.க.வைத் தொடங்கிய ஐவரில் ஒருவரானார். 1957இல் நாமக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனார். இந்தி திணிக்கப்படாது என்று 1960இல் நேரு எழுதிய கடிதம் சம்பத்துக்கு எழுதப்பட்டதுதான். அண்ணாவுக்கு அடுத்து யார் என்ற பேச்சில் அவர் பெயர் அடிபட்ட காலம் அது.

அப்படிப்பட்டவர் 1961 ஏப்ரலில் விலகினார். ஆந்திரரும் கன்னடரும் மலையாளிகளும் கேட்காத திராவிட நாடு என்ற தனி நாட்டை நாம் மட்டும் எப்படி வாங்குவது, நடக்காததைச் சொல்லி மக்களை எத்தனை நாள் கூட்டிப்போவது என்பது அவர் கேள்வி. கட்சிக்குள் சினிமாக் கவர்ச்சி தலையெடுப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, பதவிப் போட்டியும் இருந்தது என்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் அவர் போன இடத்தைப் பாருங்கள். அன்றைய ஆளுங்கட்சியான காங்கிரஸுக்குப் போகவில்லை. தமிழ்த் தேசியக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். 1962 தேர்தலில் அவரும் தோற்றார், அவர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 15இலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது. வளர்கிற கட்சியை விட்டு வெறுங்கையோடு இறங்கிப் போனவரை எந்தக் கணக்கில் பதவி தேடிப் போனவர் என்பது?

என் அப்பா அப்போது ஈரோட்டில் கழகக் கூட்டங்களுக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். சம்பத்துக்குப் பின்னால் போன என் சித்தப்பாவோடு இரண்டு வருடத்துக்கு மேல் அவர் பேசவில்லை. 1963இல் பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்து, கழகமே திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அதற்கடுத்த பொங்கலுக்கு அப்பாதான் முதலில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்.

1964இல் சம்பத் தன் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். தனியாகவே இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கலாம். அதைக் குறையாக எழுதுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் 1961இல் அவர் விலகியதையும், அமைச்சர் பதவிக்காக ராத்திரியோடு ராத்திரியாக அணி மாறுவதையும் ஒரே சொல்லால் எழுதாதீர்கள். அடுத்த இதழிலாவது அந்தப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு