தம்பிக்கு, பல் விஷயமாக

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பணம் வந்தது. தங்கச்சி காலேஜுக்குக் கட்டிவிட்டாள். உன்னை மாதிரி பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று பெரியம்மாவே சொன்னாள். போனை மட்டும் எடுக்க மாட்டாய்.

அப்பாவைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கீழ்வரிசை முன்பல் நாக்கு பட்டாலே ஆடுகிறது. இதில், "என் ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை" என்று டாக்டரிடமே பெருமை வேறு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ரத்தம் வராததுதான் ஏமாற்றுகிறதாம். அப்பா பிடிக்கும் சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டின் ஈறில் உள்ள சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே நோய் முற்றினாலும் சிவப்பு, கசிவு எதுவும் சரியாக வெளியே தெரிவதில்லை.

கிருமி வந்தால் முதலில் ஓடிவருபவை வெள்ளை அணுக்கள். நிக்கோட்டின் பட்டால் அவை சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போவதில்லை, போனாலும் கிருமியை ஒழுங்காக விழுங்குவதில்லை. கிருமியைக் கரைக்க வைத்திருக்கும் நொதிகளைக் கண்டபடி கொட்டி நம் சதையையே அரிக்கின்றன. காவல்காரனே வீட்டை இடித்த கதை. அப்புறம் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. கரைந்தது தானாக வளராது.

சிகரெட் இல்லாமல் ஆவியாக இழுத்தால் என்று நான்தான் கேட்டேன். நிக்கோட்டின் எந்த வழியில் போனாலும் ரத்தக் குழாய் சுருங்கத்தான் செய்யும் என்றாள். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் அந்த ஆவிக் கருவியைத் தொட்டதே இல்லையே.

தீபாவளிக்கு நீ வந்துபோன பிறகு தலையணை உறையை ஊறப்போட்டேன். ஒரே மாம்பழ வாசம். நீ மாம்பழமே சாப்பிடமாட்டாய். சரி, அது கிடக்கட்டும்.

தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டுகிறாய். சிங்கப்பூரில் 2018-லிருந்து அந்த ஆவிக் கருவியைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று மாமா சொன்னார். யாரைப் பற்றியோ பேச்சு வந்தது, அதனால் சொன்னேன்.

நீ பல்லைக் காட்டி எத்தனை வருசம்? போய்க் காட்டு. நிக்கோட்டினை நிறுத்தினவர்களுக்குச் சில வாரத்தில் ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்புமாம். அப்போது கொஞ்சம் கசிந்தாலும் பயந்து மறுபடி தொடங்கக் கூடாதாம். அப்பாவுக்குத்தான் டாக்டர் சொன்னாள். புகைப்பதை நிறுத்த உதவும் எம்குவிட் திட்டத்தில் அவரைப் பதிந்துவிட்டேன். அரசாங்க கிளினிக்கில்தான், ஜொகூரிலும் இருக்கிறதாம்.

பல்லை மறக்காமல் காட்டு. தனியார் டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகும் என்று சொல், நான் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எடு.

அம்மா