பதிவைப் பூட்டுமுன் பெயரைக் காட்டுங்கள்: டிஜிட்டல் அடையாள அட்டைப் பணியில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியீர்,

இலங்கையின் புதிய டிஜிட்டல் அடையாள அட்டையின் பின்னணியை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் செய்த உடன்படிக்கை, அதற்கான நன்கொடை, எடுக்கப்படவுள்ள பத்து விரல் ரேகை, இரு கண்ணின் கருவிழி, முகப்படம் எல்லாமே செய்தித்தாள்களில் வந்தவை. ஆகவே நேரே கேட்கிறோம். எவருடைய பதிவையும் கணினியில் முடிவாகப் பூட்டுமுன் அவருடைய பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் வாசித்து, சரி என்று ஒப்பமிட்ட பிறகு பூட்டுங்கள்.

சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் கிழமை நாளொன்றில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போனால் சத்தியக்கடதாசி தட்டிக் கொடுக்கும் மேசைகளின் முன்னால் தமிழ்ப் பெயர்காரர் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். அவர்கள் கையில் இருக்கும் தாளில் வழக்கமாக ஒரே வாசகம்தான்: மேலே சொன்ன இரண்டு பெயர்களாலும் அழைக்கப்படுபவர் நான் ஒருவரே. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஊழியர் சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது. முப்பது வருடம் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துச் சேர்ந்த காசை எடுக்கப் போன இடத்தில், நீங்கள்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்படுகிறது. சமாதான நீதவானின் முத்திரைக்கு ஒரு நாள், கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்கு ஒரு நாள், பிரதேச செயலகத்துக்கு இன்னொரு நாள். நாட்கூலிக்காரருக்கு மூன்று நாள் சம்பளம் போய்விடுகிறது. அந்த எழுத்தைப் பிழையாக எழுதியவர் அவரல்ல.

இந்தப் பிழை எப்படி நடக்கிறது என்று சொல்கிறோம். வெற்றிவேலு என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவில் தமிழில் சரியாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் நாட்டு வழக்கப்படி நடுவிலுள்ள இரட்டை றகரம் இரண்டு ‘டீ’ ஆகிறது. தமிழ்நாட்டில் ‘டீ’, ‘ஆர்’ என்று எழுதுவார்கள். இங்கே உச்சரிப்பை ஒட்டி எழுதுகிறோம், அதில் குற்றமில்லை. பிறகு அந்த ஆங்கிலப் பட்டியலை ஓர் எழுதுவினைஞரோ மென்பொருளோ மறுபடி தமிழுக்குத் திருப்புகிறது. இரண்டு ‘டீ’யைக் கண்டால் அது எழுதுவது டகரம். வெற்றிவேலு, வெட்டிவேலு ஆகிறார். முருகனின் வேலாயுதத்தையும் வெற்றியையும் நினைத்துத் தாயும் தகப்பனும் வைத்த பெயர் அரச ஆவணத்தில் வெட்டி என்று தொடங்குகிறது. அந்த மனிதர் ஆயுள் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து போக வேண்டும்.

யாழினி யாலினி ஆவதும் வள்ளியம்மை வல்லியம்மை ஆவதும் இதே வழியில்தான். சிங்களம் ஊடாகப் போனாலும் பாதை சுத்தமில்லை. அங்கே ழகரத்துக்கும் றகரத்துக்கும் தனி எழுத்து இல்லை. தமிழில் ஒரே ககரமாக எழுதுவதை அங்கே வல்லொலியாகவா மெல்லொலியாகவா எழுதுவது என்று எழுதுவினைஞர் தன் காதை நம்பித் தீர்மானிக்கிறார். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. தமிழ் தெரியாமல் அந்த வேலையில் அமர்த்தப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதுவரை இந்தப் பிழைகளை மனிதக் கண் பார்த்து ஓரளவு மன்னித்துவந்தது. கணேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘கே’யிலும் தொடங்கலாம், ‘ஜீ’யிலும் தொடங்கலாம்; நடுவில் ‘எஸ்’ மட்டும் போடலாம், பக்கத்தில் ஓர் ‘எச்’சும் சேர்க்கலாம். நான்கு எழுத்துவடிவம், ஆள் ஒருவர். கவுண்டரில் இருக்கும் உத்தியோகத்தருக்கு இது தெரியும். இயந்திரம் எழுத்தை எண்ணும். ‘கே’யில் தொடங்கும் ஏழெழுத்துக் கணேசனை, ‘ஜீ’யில் தொடங்கி ‘எச்’ சேர்ந்த எட்டெழுத்துக் கணேசனோடு ஒப்பிட்டால் இரண்டு எழுத்து வேறுபாடு. எட்டில் இரண்டு போக, பொருத்தம் 75 விழுக்காடு. மென்பொருளில் 85 விழுக்காடு என்று எல்லை வைத்திருந்தால் கணேசன் கணேசன் அல்ல. அதே கணக்கில் ஆங்கிலத்தில் நடுவில் ‘எச்’ போட்டு ஐந்தெழுத்தாக எழுதப்படும் யோகனும் மோகனும் 80 விழுக்காடு ஒருவரே. ஒலியை வைத்து ஒப்பிடலாம் என்பார்கள். அதற்கான பழைய சவுண்டெக்ஸ் முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எண்ணாக மாற்றும். ‘கே’யும் ‘ஜீ’யும் அதிலும் சேராது.

தமிழிலேயே வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடுமா என்றால், அதற்கும் தெரிந்தவர்கள் கை வேண்டும். நம் அலுவலகங்களில் பல வருடங்கள் பாமினி எழுத்துருவில்தான் தட்டினார்கள். பாமினியில் தட்டிய அம்மா என்ற சொல், எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில ‘எம்’, ‘கே’, ஓர் அரைப்புள்ளி, ‘கே’, ‘எச்’ என்றுதான் கணினிக்குள் கிடக்கும். அந்தப் பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு குறிக்கும் தனி எண் தரும் உலகப் பொதுமுறைக்கு, மாற்றும்போது பொன்னம்பலத்தின் ‘பொ’வில் பகரத்தோடு சேரும் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். இப்படி இரு விதமாக வருவதை ஒரே விதமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குபடுத்தலை ஒருமுறை ஓட்டினால் இது சரியாகிவிடும். ஆனால் ஸ்ரீதரனுக்கு அதுவும் உதவாது. ஸ்ரீ என்பதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் வடிவம் அச்சொட்டாக ஒன்றே, உள்ளே இருக்கும் எண்கள் வேறு, என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. இதற்கென்று தனியாக ஒரு விதி எழுதவேண்டும். ஸ்ரீகாந்தன், ஸ்ரீஸ்கந்தராஜா என்று ஒரு தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

இடத்தின் அளவும் உண்டு. யூனிகோடு எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் (கணினி இடத்தின் அலகு) வேண்டும். சிவசுப்பிரமணியம் என்று எழுதினால் கண்ணுக்கு பத்து எழுத்து, கணினிக்கு பதினாறு குறி, ஆகவே 48 பைட். ஆங்கிலப் பெயருக்குத் தாராளம் என்று நினைத்து யாராவது 50 பைட் ஒதுக்கியிருந்தால் அந்த ஒரு பெயரோடு பெட்டி நிரம்பிவிடும். தகப்பன் பெயருக்கு இடமில்லை. வெட்டுப்பட்ட பெயரோடு அட்டை அச்சாகும்.

தகப்பன் பெயர் என்றதும் இன்னொன்று. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கந்தையாவின் மகன் கந்தையா வெற்றிவேலு, அவருடைய மகன் வெற்றிவேலு குகன். மகள் கல்யாணத்துக்கு முன் வெ. மாலதி, பின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு வேறு மாலதி. கடைசிப் பெயர் என்று ஒரு கட்டாயப் பெட்டியை வைத்தால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அந்நியர் என்று மென்பொருள் சொல்லும். முழுப் பெயருக்கு ஒரு நீளமான பெட்டி போதும். தகப்பன் பெயர் தனியே வரட்டும்.

அடையாள அட்டை இலக்கத்திலும் இப்படி உள்ளூர் அறிவு வேண்டிய இடம் இருக்கிறது. பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது அந்த இலக்கத்தில் இருக்கும். சாதாரண ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று எண்ணுவதால் மார்ச் முதலாம் திகதி 61ஆம் நாளாகவே எழுதப்படுகிறது, பெண்ணானால் 500 கூட்டி 561. அதை அறியாமல் எழுதிய மென்பொருள் பிறந்த நாளை ஒரு நாள் தள்ளிவிடும். ஆட்பதிவில் பழகிய உத்தியோகத்தருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பெயர்களுக்கும் அப்படிப் பழகியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள் என்கிறோம். இலக்கம் ஒன்றாக, பிறந்த திகதி ஒன்றாக, முகமும் ஒன்றாக இருக்கும்போது ஓர் எழுத்துக்காக ஆளையே வேறு என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

கைரேகையையும் சொல்லாமல் விட முடியவில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமந்து வண்டி இழுக்கும் நாட்டாமிமாரின் விரல்களைப் பாருங்கள். சீமெந்து குழைக்கும் மேசன்மாரின் விரல்களை, நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரில் கை வைத்திருக்கும் வீட்டு வேலைப் பெண்களின் விரல்களைப் பாருங்கள். ரேகையின் மேடு தேய்ந்து, தோல் வெடித்து, வயது ஏற ஏறத் தோலின் இழுவையும் குறைந்து போயிருக்கும். புற்றுநோய்க்குக் கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு ரேகையே அழிந்துவிடுவதுண்டு. காய்ந்த விரலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் பல தடவை சரிவரும். வியர்த்த விரலைத் துடைக்க வேண்டும். கண்ணாடித் தட்டை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும். பத்து விரலில் எந்த இரண்டு தெளிவு என்று குறித்து வைத்து அடுத்த முறை அவற்றைக் கேட்க வேண்டும். இவ்வளவு செய்தும் ரேகை விழாவிட்டால் கருவிழியைப் பார்க்க வேண்டும். அதுவும் விழாவிட்டால் பொறுப்பான ஓர் உத்தியோகத்தர் ஆளைப் பார்த்து ஒப்பமிட்டு வேலையை முடித்துக் கொடுக்கும் வழி இருக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் பதிந்திருந்த வாக்காளர் 1 கோடியே 71 லட்சம் பேர். நூற்றுக்கு ஒருவருக்குப் பிழைத்தாலே 1,71,000 பேர் கவுண்டருக்கு வெளியே நிற்பார்கள்.

நமக்கு முன்னால் இதில் இறங்கிய இந்தியாவின் அனுபவம் மறைவானதல்ல. அந்நாட்டின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, அங்குள்ள டிஜிட்டல் அடையாளமான ஆதாரின் ஒப்பீடு ஜார்க்கண்டில் 49 விழுக்காடும் ராஜஸ்தானில் 37 விழுக்காடும் தவறியதாக வந்த மதிப்பீடுகளை எடுத்துக் காட்டியது. ரேகை விழாதவர் ரேஷன் அரிசி இல்லாமல் திரும்பினார். 2018 செப்டெம்பர் 26ஆம் திகதித் தீர்ப்பில், ஒப்பீடு தவறியதற்காக உரியவரை ஒதுக்கக் கூடாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்தத் திருத்தத்தை நாம் முதல் நாளே செய்துகொள்ளலாம். எங்களுடைய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் பிழையைத் திருத்தக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரம் தனியே எடுத்த முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கும் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சொந்தப் பெயரைச் சரியாக எழுதித் தாருங்கள் என்று மடல் எழுத வேண்டியிருப்பது மனத்தைச் சுடுகிறது. அந்தச் சூட்டில் ஏதும் கடுமையாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவோடு மறுபடி கேட்கிறோம். பதிவு மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் உள்ளபடி பெயரைத் தமிழிலேயே முதலில் தட்டி, உரக்க வாசித்துக் காட்டி, அச்சிட்டுக் கையில் கொடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குக் கூட வந்தவர் வாசித்துக் காட்டட்டும். ஆங்கில எழுத்துவடிவத்தை அவரிடமே கேளுங்கள், கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடி. பழைய ஆவணங்களில் அவருக்கு என்னென்ன எழுத்துவடிவம் உண்டோ அத்தனையையும் இவையும் இவரே என்று அதே பதிவில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். பிறகு எந்த வங்கியும் எந்தத் திணைக்களமும் அவரைச் சத்தியக்கடதாசிக்கு அனுப்பத் தேவை வராது. திருத்தம் அதே மேசையில், கட்டணமின்றி நடக்கட்டும். பெயர்களை எந்த முறையில் ஒப்பிடுகிறீர்கள், எல்லை எத்தனை விழுக்காடு என்பதைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

நாடெங்கும் தொடங்குமுன் கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ ஒரு சனிக்கிழமை மேசை போட்டு நூறு பேரின் பெயரை இப்படி எழுதிப் பாருங்கள். தட்டிக் கொடுக்கவும் வாசித்துக் காட்டவும் தமிழ் தெரிந்த கைகள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. திகதியைச் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து, தமிழில் பெயர் எழுதுவோர்